கொள்முதலும் கொள்ளையும்: தளி எல்லைப்பகுதியில் அங்காடிச் சொற்களும் குற்றச் சொற்களும் – குறுக்கெழுத்துப் புதிரின் வரலாற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கடைவீதியில் வழங்கும் சொற்களும் குற்றவழக்குகளில் வழங்கும் சொற்களும் மொழிகற்போருக்கு முதலில் தேவைப்படுபவை. ஆயினும் பாடநூல்களில் அவை மிகக் குறைவாகவே இடம்பெறுகின்றன. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒருங்கே வழங்கும் தளி, ஒசூர் வட்டாரத்தில் இவ்விரு சொற்தொகுதிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரு செயல் வணிகமா குற்றமா என்பதை அங்கே பலமுறை மாநில எல்லையே தீர்மானித்துள்ளது. சொற்களைக் கற்பிக்கும் கருவியாக இன்று கருதப்படும் குறுக்கெழுத்துப் புதிரும் இதே கேள்விக்கு ஆளாகி நீதிமன்றம் சென்றது. இவ்விரு வரலாறுகளையும் இணைத்து நோக்கி, எல்லைப்பகுதி மாணவர்க்கான புதிர் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தளி, ஒசூர், குறுக்கெழுத்து, சித்திரக்கவி, கடன்சொற்கள், மொழிமுதல் எழுத்துகள், பரிசுப்போட்டிச் சட்டம்

1. முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் தளி. குளிர்ந்த தட்பவெப்பம் கருதி ஆங்கிலேயர் அதனைச் 'சிறிய இங்கிலாந்து' என்று அழைத்தனர். இன்று அவ்வட்டாரம் மலர்ச் சாகுபடிக்கும் காய்கறி விளைச்சலுக்கும் பெயர்பெற்றது. வடகிழக்கே ஒசூரின் தொழிற்பேட்டைகளும் அவற்றைக் கடந்தால் பெங்களூருவும் உள்ளன. தளியில் விளைந்த ஒரு கட்டுப் பூ, ஒரே நாளில் இரண்டு மாநிலங்களையும் மூன்று நான்கு மொழிகளையும் கடந்துவிடக்கூடும்.

இத்தகைய ஊரில் வாழ்வோருக்கு விலை கேட்கவும், நிறுவை பார்க்கவும், சீட்டு வாங்கவும், ஏமாற்றப்பட்டால் முறையிடவும் சொல் வேண்டும். முதல் மூன்றும் அங்காடிச் சொற்கள்; நான்காவது குற்றச் சொல். இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு என்பதைத் தமிழிலக்கியம் முன்பே உணர்த்தியுள்ளது. சிலப்பதிகாரத்தில் சிலம்பு விற்கச் சென்ற வணிகன் கள்வன் எனக் கொலையுண்டான். விற்பனைக்கு வந்த பொருள் யாருடையது என்று உரியமுறையில் கேட்கப்படாததே அக்காப்பியத்தின் திருப்புமுனை. கடைத்தெருவில் தொடங்கிய ஒரு செயல் கொலைக்களத்தில் முடிந்தது.

அங்காடிச் சொற்களையும் குற்றச் சொற்களையும் குறுக்கெழுத்துப் புதிர் வாயிலாகக் கற்பிக்கும் முறை இன்று பல மொழிகளின் பயிற்சி ஏடுகளில் காணப்படுகிறது. அம்முறையைத் தமிழுக்கு, அதிலும் ஓர் எல்லைப்பகுதிக்குப் பயன்படுத்த முனையும்போது மூன்று வினாக்கள் எழுகின்றன. அச்சொற்கள் எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தன? புதிர் என்னும் கருவி எவ்வரலாற்றைச் சுமந்து வந்தது? தமிழெழுத்தின் இயல்பு அக்கருவியை எவ்வாறு மாற்றுகிறது? இவற்றை இக்கட்டுரை வரிசையாக எடுத்துக்கொள்கிறது.

2. எல்லையும் சொல்லடுக்குகளும்

ஒசூர் என்னும் பெயர் கன்னடத்தில் புதிய ஊர் எனப் பொருள்படும். தமிழில் சொல்வதாயின் அது புதூர். இவ்வொரு பெயரே அவ்வட்டாரத்தின் மொழிநிலையைச் சுட்டப் போதுமானது. பாராமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரிப் பகுதி 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோவும் அங்கே வருவாய் நிர்வாகத்தை அமைத்தனர். மலைமேல் அமைந்த ஒசூர்ப் பகுதி, 1799இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப்பின் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரியும் 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன.

ஆட்சி மாறியபோதெல்லாம் சந்தையிலும் கச்சேரியிலும் புதிய சொற்கள் தங்கின. தராசு, சாமான், ரசீது, பாக்கி, வசூல் ஆகியவை பாரசீக, அரபு மூலங்களிலிருந்து வந்து கடைக்கணக்கில் நிலைபெற்றன. கைதி, ஜாமீன், ஜப்தி, வக்கீல், பிராது ஆகியவை அதே வழியில் வந்து வழக்குமன்றத்தில் நிலைபெற்றன. ஏலம் போர்த்துக்கீசியத்திலிருந்தும் துட்டு டச்சிலிருந்தும் வந்தவை என அகராதிகள் குறிக்கும். போலீசும் கோர்ட்டும் வாரண்டும் ஆங்கிலத்தின் வரவு. கடைக்கும் காவலுக்கும் உரிய கடன்சொற்கள் பெரும்பாலும் ஒரே காலத்தில் ஒரே வாயில் வழியாக வந்தன என்பது இங்குக் கருதத்தக்கது. வரி தண்டிய நிர்வாகமே தண்டனையும் வழங்கியது. ஆதலின் இரண்டிற்குமான சொல்வளம் ஒரே இடத்திலிருந்து பெறப்பட்டது. தண்டல், தண்டம் என்னும் சொற்களை அருகருகே வைத்து நோக்கினும் இந்நெருக்கம் புலப்படும்.

கடன்சொற்களுக்கு அடியில் திராவிட மொழிகளின் பொதுச்சொற்கள் உள்ளன. தமிழில் இன்று கடை என்பதே பேச்சுவழக்கு. அங்காடி இலக்கிய வழக்கு. மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் காட்டும் நாளங்காடியும் அல்லங்காடியும் பாடநூலில் மட்டும் எஞ்சியுள்ளன. ஆனால் கன்னடம் பேசும் குழந்தைக்கு அங்கடி என்பது அன்றாடச் சொல். தமிழ்க் குழந்தை உரைநூலில் பொருள் தேடும் சொல்லைக் கன்னடக் குழந்தை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறது. அவ்வாறே கள்வன் என்பது தமிழில் ஏட்டு வழக்காகவும் திருடன் என்பது பேச்சு வழக்காகவும் இருக்க, கன்னடத்தில் கள்ள என்பதே நாள்தோறும் வழங்குவது. தமிழின் விலை கன்னடத்தில் பெலெ. கொலை அங்கே கொலெ. சிறை அங்கே ஸெரெ. வகர முதற்சொல் பகர முதலாக மாறும் ஒலியொப்புமையை அறிந்த மாணவர் பாதிச் சொற்களைக் கேட்காமலேயே ஊகித்துவிடுவர்.

ஊகம் பொய்க்கும் இடங்களும் உண்டு. கச்சேரி என்பது கன்னடத்தில் இன்றும் அலுவலகத்தைக் குறிக்கும். தமிழிலும் ஒருகாலத்தில் தாலுக்கா கச்சேரி என்னும் வழக்கு இருந்தது. இப்போது அச்சொல் இசையரங்கிற்கே உரியதாகிவிட்டது. தெலுங்கில் அப்பு என்றால் கடன். தமிழில் அச்சொல் அப்பொருளைத் தராது. சொல் ஒன்றாயினும் பொருள் எல்லையின் இருபுறமும் வேறுபடும் என்பதற்கு இவை சான்று.

இவ்வடுக்குகள் அனைத்தும் சந்திக்கும் வேர் ஒன்றுண்டு. அது கொள் என்னும் வினை. வாங்குதல் என்னும் பொருளில் அது கொள்முதல், கொள்வோர் முதலிய சொற்களைத் தருகிறது. வலிந்து எடுத்தல் என்னும் பொருளில் கொள்ளை என்னும் சொல்லைத் தருகிறது. கன்னடத்தில் கொள்ளு, கொள்ளெ. தெலுங்கில் கொனு, கொல்ல என்று இவ்விரட்டை மூன்று மொழிகளிலும் தொடர்கிறது. கொள்ளை மலிவு, பகற்கொள்ளை என்னும் வழக்குகளில் குற்றச் சொல் மீண்டும் கடைத்தெருவுக்கே திரும்பிவருகிறது. கொடுப்பவர் மனமொப்பிக் கொடுத்தாரா என்பது ஒன்றே கொள்முதலையும் கொள்ளையையும் பிரிக்கும் கோடு.

3. எல்லைக்கோடு வகுத்த குற்றம்

அக்கோட்டை மனம் மட்டுமன்றிச் சட்டமும் வகுக்கும். ஒசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, 1937இல் சென்னை மாகாண முதலமைச்சரானார். அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. அன்று ஒசூரும் தளியும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. எல்லைக்கு அப்பால் மைசூர் சமஸ்தானத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் தொடர்ந்து நடந்தன. ஆகவே அங்கே கடையில் விலை கொடுத்து வாங்கிய பொருள், எல்லையின் இப்பால் வந்ததும் கடத்தற் பொருளாயிற்று. வாங்கியவர் அங்கே வாடிக்கையாளர், இங்கே குற்றவாளி. பொருளும் ஆளும் மாறவில்லை; நின்ற இடம் மட்டுமே மாறியது.

மதுவிலக்கால் குறைந்த அரசு வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனைவரிச் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. இவ்வகையில் இந்தியாவில் அது முன்னோடிச் சட்டமாகும். அதன்பின் ரசீது என்பது வாங்கியதற்கான அடையாளமாக மட்டும் அமையாமல், வரி செலுத்தியதற்கான சான்றாகவும் ஆயிற்று. ரசீதின்றிச் சரக்கு கொண்டுசெல்வது குற்றத்தின் எல்லைக்குள் வந்தது. ஒசூர் அருகே ஜூஜூவாடியில் அமைந்த சோதனைச்சாவடி பிற்காலத்தில் இவ்வரலாற்றின் கண்கூடான சின்னமாக நின்றது. 2017 ஜூலை 1இல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது வணிகவரிச் சாவடிகள் விலக்கப்பட்டன. எனினும் சரக்கு, சாவடி, ரசீது, பறிமுதல் என்னும் சொற்கள் ஒரு தொடராகவே மக்கள் நாவில் நிற்கின்றன. இவற்றுள் எது அங்காடிச் சொல், எது குற்றச் சொல் என்று பிரிப்பது எளிதன்று. கற்போருக்கு இவற்றைத் தனித்தனிப் பட்டியலாகக் கொடுப்பது அவ்வட்டார வரலாற்றையே மறைப்பதாகும்.

4. கட்டத்திற்கு முந்தைய சொல்விளையாட்டு

குறுக்கெழுத்துப் புதிர் தமிழுக்கு வெளியிலிருந்து வந்தது. ஆனால் அது விழுந்த நிலம் வெறுமையானதன்று. தொல்காப்பியம் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் ஆகியவற்றோடு பிசியையும் ஒரு வகையாக எண்ணுகிறது. ஒப்புமையாலோ குறிப்பாலோ பொருளை மறைத்துக் கூறுவது பிசி. இன்று விடுகதை எனப்படுவதும் குறுக்கெழுத்தில் குறிப்பு எனப்படுவதும் அதன் வழித்தோன்றல்களே.

தண்டியலங்காரம் கூறும் சித்திரக்கவிகள் எழுத்தை இடத்தோடு பிணைத்தன. மாலைமாற்று முன்னும் பின்னும் ஒன்றாகவே படிக்கப்படும். சருப்பதோபத்திரம் கட்டங்களில் எழுதப்பட்டு நான்கு புறமும் ஒத்துவரும். நாகபந்தத்தில் பாம்புகள் பின்னும் சந்திகளில் நிற்கும் எழுத்து இரு பாட்டுக்கும் பொதுவாகும். ஓர் எழுத்து இரு தொடர்களுக்கும் உரியதாதல் என்னும் இவ்வமைப்பே குறுக்கெழுத்தின் அடிப்படை. எழுத்து வருத்தனத்தில் எழுத்தைக் கூட்டக்கூட்டப் புதிய சொற்கள் பிறக்கும். அக்கரச்சுதகத்தில் எழுத்தைக் குறைக்கக் குறைக்கப் பிறக்கும். வினாவுத்தரத்தில் பல வினாக்களின் விடைகள் சேர்ந்து ஒரு பெயராகும்.

இவற்றிற்கும் இக்காலப் புதிருக்கும் வேறுபாடு ஒன்றுண்டு. சித்திரக்கவியில் கட்டத்தை நிரப்புபவர் புலவர். வாசிப்பவர் வியந்து நிற்பவர். குறுக்கெழுத்தில் கட்டத்தை நிரப்புபவர் வாசகர். கற்பித்தற் கருவியாக அதற்குள்ள ஆற்றல் இம்மாற்றத்திலிருந்தே பிறந்தது.

5. குறுக்கெழுத்து: வணிகமா, குற்றமா?

இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் அமைத்த புதிர் 1913 டிசம்பர் 21இல் 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்தது. அது வைர வடிவில் அமைந்திருந்தது. 1924இல் அமெரிக்காவில் முதல் புதிர்த்தொகுப்பு நூல் வெளியாயிற்று. 1930இல் இலண்டன் 'டைம்ஸ்' இதழும் குறுக்கெழுத்தை ஏற்றது. தமிழில் 1930களில் அது பரிசுப்போட்டி வடிவில் பரவியது. 1926இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கி, 1928இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்த 'ஆனந்த விகடன்' நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் இதழின் விற்பனையைப் பெரிதும் பெருக்கின. சொல் தேடும் பழக்கத்தைத் தமிழ் நடுத்தர வகுப்பிடையே பரப்பியதில் அவற்றிற்குப் பங்குண்டு.

ஆயினும் பரிசுப்போட்டியின் இயக்கமுறை கல்விப் புதிரினின்று வேறானது. ஒரு குறிப்புக்குப் பொருந்தும் சொற்கள் இரண்டு மூன்று இருக்கும்படி கட்டம் அமைக்கப்படும். அவற்றுள் ஒன்றை நடத்துவோர் முன்னரே தேர்ந்து முத்திரையிட்டு வைப்பர். அதனோடு ஒத்துவருவதே சரியான விடை. சொல்லறிவு மிக்கவரும் குறைந்தவரும் அங்கே ஏறக்குறைய ஒரே நிலையில் நின்றனர். நுழைவுக் கட்டணம் செலுத்திப் பல விடைத்தாள்கள் அனுப்புவோருக்கு வாய்ப்பு கூடியது. சொல் பின்னுக்குச் சென்று பணம் முன்னுக்கு வந்தது.

இது தொடர்பான பெருவழக்கு தளிக்கு அண்மையிலுள்ள பெங்களூரிலிருந்தே எழுந்தது. அங்கே அச்சிடப்பட்ட 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்னும் வார இதழ் வாயிலாக ஆர்.எம்.டி.சி. நிறுவனம் குறுக்கெழுத்துப் பரிசுப்போட்டிகளை நடத்தியது. பம்பாய் மாநிலத்திலும் அவ்விதழ் மிகுதியாகப் பரவியது. பம்பாய் அரசு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை 1952இல் திருத்தி, வெளிமாநில இதழ்கள் நடத்தும் போட்டிகளையும் வரிக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்படுத்தியது. மைசூர் மாநிலத்தில் அச்சாகும் இதழ் மீது பம்பாய் அரசுக்கு என்ன உரிமை என்பது நிறுவனத்தின் வாதங்களுள் ஒன்று. மும்பை உயர்நீதிமன்றத்தில் நிறுவனத்திற்குச் சாதகமாக அமைந்த முடிவை 1957இல் உச்சநீதிமன்றம் மாற்றியது. கட்டணம் செலுத்துவோரும் போட்டியில் கலந்துகொள்வோரும் பம்பாயில் இருப்பதால் அம்மாநிலத்திற்குப் போதிய தொடர்பு உண்டு என்று நீதிமன்றம் கருதியது. அதனினும் முதன்மையான முடிவு வேறொன்று. சூதாட்டத் தன்மையுடைய போட்டி வணிகம் ஆகாது; ஆகவே வணிக உரிமைக்கு அரசமைப்பு தரும் காப்பு அதற்கு இல்லை என்று தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாசு எழுதிய தீர்ப்பு கூறியது.

இதற்கிடையே நாடாளுமன்றம் 1955இல் பரிசுப்போட்டிகள் சட்டத்தை இயற்றியது. அதன் வரையறையிலேயே குறுக்கெழுத்துப் போட்டி முதலில் பெயர் சுட்டப்பட்டது. ஒரு திங்களில் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு தடைசெய்யப்பட்டது. அதற்குட்பட்டதற்கு உரிமம் வேண்டும். விடைத்தாள்கள் 2,000ஐத் தாண்டக்கூடாது. அச்சட்டத்தைக் கோரித் தீர்மானம் இயற்றிய மாநிலங்களின் பட்டியலில் சென்னை இருந்தது, மைசூர் இல்லை. மைசூரில் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பரிசுப்போட்டி வரி செலுத்தும் தொழிலாக இருந்தது. பின்னரே அம்மாநிலமும் மத்தியச் சட்டத்தை ஏற்றது. மதுவுக்கு 1937இல் நேர்ந்ததே இங்கே சொற்புதிருக்கும் நேர்ந்தது. எல்லையின் ஒருபுறம் வரிக்குரிய வணிகம். மறுபுறம் கட்டுப்படுத்தப்பட வேண்டிய தீமை.

அச்சட்டம் செல்லுமா என்னும் வழக்கும் 1957இல் முடிவு பெற்றது. தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டின் இசையறிஞர்களுள் ஒருவராகவும் விளங்கிய நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்திருக்கும் போட்டிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. சூதாட்டத் தன்மையுடையவற்றிற்கே பொருந்தும் என்று அத்தீர்ப்பு பிரித்தது. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதினைப் பொருட்பாலில் வைத்து விலக்கியதை அறிந்த தமிழ் வாசகருக்கு இப்பிரிவு புதியதன்று. ஆனால் புதிரின் வரலாற்றில் அது ஒரு திருப்பம். முத்திரையிட்ட உறையில் உள்ள விடையை ஊகிப்பது சூது. குறிப்பாலும் எழுத்தாலும் தானே விடையை நிறுவுவது திறமை. கல்விக்குரிய குறுக்கெழுத்து இரண்டாவதையே சார வேண்டும்.

6. தமிழெழுத்தும் கட்டமும்

குறுக்கெழுத்து 26 எழுத்துகள் கொண்ட மொழியில் பிறந்தது. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். வழக்கப்படி ஒரு கட்டத்தில் உயிர்மெய் முழுவதாக நிற்கும். புள்ளி பெற்ற மெய் தனிக்கட்டம் பெறும். இரு சொற்கள் சந்திக்க வேண்டுமாயின் மெய் மட்டும் ஒத்தால் போதாது. அதன்மேல் ஏறிய உயிரும் ஒக்க வேண்டும். ஆகவே தமிழ்க் கட்டம் அடர்த்தியாக அமைவது அரிது; கறுப்புக் கட்டங்கள் மிகும்.

மொழிமுதல் விதி இரண்டாவது தடை. கொள்முதல் என்னும் சொல் கொ, ள், மு, த, ல் என ஐந்து கட்டங்களை நிரப்பும். இதில் கொ, மு, த ஆகிய மூன்றிலிருந்து மட்டுமே மேலிருந்து கீழாக வேறு சொல் தொடங்க இயலும். புள்ளியெழுத்துகளில் சொல் தொடங்காது. முதற்கட்டமாகிய கொ என்பதிலிருந்து கொள்ளை கீழிறங்கும். இறுதிக் கட்டமாகிய ல் என்பதில் மேலிருந்து வரும் கடத்தல் வந்து முடியும். மூன்று சொற்களில் ஒரு சிறு கட்டம் அமைந்துவிடுகிறது. வாங்குதலும் பறித்தலும் ஓர் எழுத்தில் பிறப்பதையும், எல்லை கடந்த சரக்கு அதே கொள்முதலின் முடிவில் வந்து நிற்பதையும் மாணவர் கண்ணாலேயே காண்கின்றனர்.

கடன்சொற்கள் இவ்விதிகளைச் சோதிக்கின்றன. ரகரமும் லகரமும் டகரமும் சொல்லுக்கு முதலாகா என்பது மரபு. ரசீது என எழுதினால் மூன்று கட்டம்; மரபுப்படி இரசீது என எழுதினால் நான்கு. லஞ்சம் நான்கு, இலஞ்சம் ஐந்து. காவலரைக் குறித்த பழைய பேச்சுச்சொல்லாகிய டாணாக்காரன் டகரத்திலேயே தொடங்குகிறது. ஜாமீனுக்கு மூன்று கட்டம். அதற்கு ஈடான பிணைக்கு இரண்டே. ஜகரம் 247இல் அடங்காது. இவ்விதி கடன்சொல்லுக்கு மட்டுமே உரிய சிக்கல் என எண்ணவும் கூடாது. சகரம் அகரத்தோடு சேர்ந்து மொழிமுதலாகாது என்பது தொல்காப்பிய மரபு. நன்னூல் அதனை ஏற்றது. சந்தையும் சரக்கும் அந்த நெகிழ்ச்சிக்குப் பின்னரே இலக்கண ஒப்புதல் பெற்றன. வழக்கு முன்செல்ல இலக்கணம் பின்தொடர்ந்ததற்கு அங்காடிச் சொற்களே சான்றாகின்றன.

கன்னடம் கற்ற மாணவருக்கு வேறொரு தடையும் உண்டு. கன்னட எழுத்துமுறையில் கூட்டெழுத்து ஓரலகாக எண்ணப்படும். அங்கடி அவர் கணக்கில் மூன்று எழுத்து. அங்காடி தமிழ்க் கணக்கில் நான்கு. கள்ள அவருக்கு இரண்டு. கள்ளன் தமிழில் நான்கு. இம்மாணவர் கட்டத்தில் செய்யும் பிழை சொல்லறியாமையால் நேர்வதன்று. எழுத்தெண்ணும் முறை மாறுவதால் நேர்வது. இவ்வேறுபாட்டை அறியாத ஆசிரியர் அறிந்த மாணவரை அறியாதவராக மதிப்பிட்டுவிடுவார்.

7. எல்லைப்பகுதிக் கற்றலும் புதிரும்

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுதோறும் ஒரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. கன்னடம், தெலுங்கு, உருது ஆகியவற்றை வீட்டுமொழியாகக் கொண்ட எல்லைப்பகுதி மாணவர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்த்தாளை எதிர்கொள்ளும் நிலை இதனால் ஏற்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் விலக்குக் கோரிக்கைகள் நீதிமன்றங்கள் வரை சென்றன. தமிழ்ப் பாடநூல்களில் 'மொழியோடு விளையாடு' என்னும் பகுதியில் குறுக்கெழுத்தும் கட்டப்புதிரும் இடம்பெறுவது வரவேற்கத்தக்கது. அவற்றின் சொற்கள் பெரும்பாலும் பாடத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன. சந்தையிலும் காவல்நிலையத்திலும் தேவைப்படும் சொற்கள் அங்கே அரிது.

ஒசூர்த் தொழிற்பேட்டைகளுக்கு வடமாநிலங்களிலிருந்து வந்து சேரும் தொழிலாளரையும் கருத வேண்டும். ரசீது, பாக்கி, வசூல், ஜாமீன், கைதி, வக்கீல் ஆகியவை இந்தியிலும் வழங்குபவை. சிறிய ஒலிமாற்றத்தோடு அவருக்கு விளங்கும். பற்றுச்சீட்டு, நிலுவை, தண்டல், பிணை, சிறைவாசி, வழக்கறிஞர் என்பன அவருக்கு முற்றிலும் புதியவை. அரசு ஆவணங்களிலும் நீதிமன்ற ஆணைகளிலும் பின்னவையே மிகுதி. ஆகவே ஒருவகைச் சொல்லை மட்டும் கற்பிப்பது இரு வழியிலும் குறையுடையது. கடன்சொல் மட்டும் அறிந்தவர் ஆணையைப் படிக்க இயலாது. தூய சொல் மட்டும் அறிந்தவர் கடைக்காரரின் பேச்சைப் பின்தொடர இயலாது. சம்பளம் தராது ஏமாற்றப்பட்ட ஒருவர் தம் முறையீட்டை எழுதிக் கொடுக்க இயலாதுபோவது சொற்பட்டியலின் குறையாலும் நேரலாம்.

இந்நிலையில் புதிரின் குறிப்பு வாக்கியமே கற்பித்தலின் மையமாகிறது. குற்றச் சொற்களில் இது இன்னும் தெளிவாகும். இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் திருட்டு, அச்சுறுத்திப் பறித்தல், கொள்ளை, கூட்டுக்கொள்ளை ஆகியவற்றைத் தனித்தனியே வரையறுத்தது. 2024 ஜூலை 1இல் அதன் இடத்தைப் பெற்ற பாரதிய நியாய சன்ஹிதாவும் இப்பிரிவுகளைப் பேணுகிறது. கூட்டுக்கொள்ளைக்கு ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ சேர்ந்திருத்தல் வேண்டும். 'ஐவர் கூடின் இப்பெயர்' என்று குறிப்பு அமைந்தால் மாணவர் சொல்லோடு சட்டப்பொருளையும் கற்கிறார். 'திருடுதல்' என்று மட்டும் அமைந்தால் நான்கு குற்றங்களும் ஒன்றாகக் கலந்துவிடும்.

ஒரே குறிப்புக்கு இரு விடை பொருந்துவதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. 'கடமையைச் செய்ய அலுவலர் முறையின்றிப் பெறும் பணம்; நான்கெழுத்து' என்பதற்கு லஞ்சமும் பொருந்தும்; கையூட்டும் பொருந்தும். பரிசுப்போட்டியில் இதனை முடிவுசெய்தது மூடிய உறை. வகுப்பறையில் முடிவுசெய்ய வேண்டியது குறுக்கே வரும் சொல். இரண்டாம் கட்டத்தில் ஞ் வருகிறதா யூ வருகிறதா என்று மாணவர் தாமே ஆராய்வார். அவ்வாராய்ச்சியில் இரு சொற்களையும் எண்ணிப் பார்த்தேயாக வேண்டும். ஒரு விடை கட்டத்தில் நிற்க, மற்றொன்று நினைவில் நிற்கும். மக்கள் வழக்கும் ஆவண வழக்கும் ஒருங்கே கற்கப்படுவதற்கு இதனினும் எளிய வழி அரிது. இதற்கு இரண்டு ஏற்பாடுகள் போதும். கட்டத்தின் எழுத்தெண்ணும் முறையைத் தொடக்கத்திலேயே விளக்க வேண்டும். விடைப்பட்டியலில் கட்டத்தில் பொருந்தாத இணைச்சொல்லையும் அருகே தர வேண்டும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, தளி, ஒசூர் வட்டாரத்தின் அங்காடிச் சொற்களும் குற்றச் சொற்களும் ஒரே வரலாற்றின் இரு முகங்கள். வரி தண்டிய ஆட்சிகளும் மதுவிலக்கும் விற்பனைவரியும் அவற்றைப் பிணைத்தன. கொள் என்னும் வேர் அப்பிணைப்பை மொழியின் உள்ளேயே காட்டுகிறது. இரண்டு, குறுக்கெழுத்து என்னும் கருவியும் அதே கோட்டின்மேல் நின்று தீர்ப்புக்கு ஆளானது. திறமையைச் சார்ந்த புதிரைச் சூதினின்று 1957ஆம் ஆண்டுத் தீர்ப்பு பிரித்தது, கல்வித்துறைக்கும் ஓர் அளவுகோலாகப் பயன்படும். மூன்று, தமிழெழுத்தின் இயல்பு புதிரைக் கடினமாக்குவது உண்மையே. ஆயின் மொழிமுதல் மரபையும் கடன்சொல்லின் வரவையும் எழுத்தெண்ணும் முறையையும் ஒருசேர உணர்த்தும் வாய்ப்பையும் அதுவே தருகிறது.

எல்லைப்பகுதி மாணவர் பல மொழிகளின் சொற்களோடு வகுப்புக்கு வருகிறார். அங்கடியை அறிந்தவர் அங்காடிக்கு அயலார் அல்லர். ஒரே விடையை மட்டும் ஏற்கும் கட்டம் அவர் கொண்டுவந்த செல்வத்தைத் தள்ளுபடி செய்கிறது. குறுக்கே வரும் சொல்லைக் கொண்டு தாமே விடையை நிறுவ இடந்தரும் கட்டமோ, அச்செல்வத்தைத் தமிழின் கணக்கிலும் வரவு வைக்கிறது.